ஆறு லட்சத்து ஆறாயிரத்து அறுநூற்று நான்கு

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று என்று எதற்காகத் தபாலில் மனு அனுப்பினாலும் முகவரியின் கடைசி வரியில் 606604 என்று எழுதியாக வேண்டும். இத்தனை பேர் கையால் எழுதப்படும் இந்த ஆறு இலக்கங்களை எவரும் ஓர் எண்ணாகப் பார்ப்பதில்லை. அது ஓர் இடத்தின் அடையாளம், அவ்வளவுதான். இந்த அத்தியாயத்தில் அதை எண்ணாக மட்டுமே பார்க்கப் போகிறோம்.

இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் பொறுப்பில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் வகுத்த ஏற்பாடு அது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகள், பல எழுத்துகள் என்றிருந்த நாட்டில் கடிதம் வழிதவறாமல் போய்ச் சேர ஆறு இலக்கங்கள் போதும் என்று அவர் காட்டினார். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய தென்மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைத் தரம் பிரிக்கும் மாவட்டத்தைச் சுட்டும். விருத்தாசலமும் திருவண்ணாமலையும் 606-க்குள் வருகின்றன. கடைசி மூன்று இலக்கங்கள் விநியோகம் செய்யும் அஞ்சலகத்துக்கு உரியவை. திருவண்ணாமலைத் தலைமை அஞ்சலகம் 606601, ரமணாசிரமம் 606603, வேங்கிக்கால் 606604.

எண்களைப் பற்றிய நூல்கள் வழக்கமாகப் புகழ்பெற்ற எண்களையே தேடிப் போகும். ராமானுஜனின் 1729, தேவளாலி பள்ளி ஆசிரியர் கப்ரேகரின் 6174 போன்றவை அவை. அவற்றின் அழகில் ஐயமில்லை. ஆனால் அழகுக்காகத் தேர்ந்தெடுத்த எண்ணை வைத்து எண்களின் பொது இயல்பை அறிய முடியாது. 606604-ஐக் கணிதர் எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. அஞ்சல் துறை தன் வசதிக்காக வைத்தது. எந்தச் சிறப்பும் எதிர்பார்க்கப்படாத ஓர் எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் எண்ணியலுக்குள் நுழையச் சரியான வாசல் என்பது என் நம்பிக்கை.

உடைத்துப் பார்ப்போம்

ஓர் எண்ணை அறிவது என்றால் முதலில் அதைப் பகாக் காரணிகளாக உடைப்பது. ஒவ்வொரு முழு எண்ணும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு விதத்தில்தான் அமையும். அந்த அமைப்பு கையில் கிடைத்துவிட்டால் அந்த எண்ணைப் பற்றிய பெரும்பாலான கேள்விகளுக்கு விடையை அதிலிருந்தே படித்துவிடலாம்.

கடைசி இரண்டு இலக்கங்கள் 04. ஆகவே நான்கால் மீதியின்றி வகுபடும்: 606604 = 4 × 151651. இனி 151651-ஐப் பார்க்க வேண்டும். ஒற்றைப்படை எண், 2 போகாது. கடைசி இலக்கம் 1, 5 போகாது. இலக்கங்களின் கூட்டல் 1+5+1+6+5+1 = 19; 3 போகாது.

அடுத்த மூன்று பகா எண்களை ஒரே அடியில் தாண்டலாம். 7 × 11 × 13 = 1001. எனவே ஆறு இலக்க எண்ணின் பின்பாதியிலிருந்து முன்பாதியைக் கழித்து, கிடைத்த விடையை இந்த மூன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும். 651 − 151 = 500. ஐந்நூறை 7 வகுத்தால் மீதி 3, 11 வகுத்தால் 5, 13 வகுத்தால் 6. மூன்றும் போகவில்லை. 37-க்கும் இதுபோல ஒரு வழி உண்டு. 27 × 37 = 999 என்பதால் இந்த முறை இரண்டு பாதிகளையும் கூட்ட வேண்டும். 151 + 651 = 802; 37-இன் மீதி 25. அதுவும் போகவில்லை.

மற்ற பகா எண்களுக்குக் குறுக்குவழி இல்லை. ஒவ்வொன்றாக வகுக்க வேண்டியதுதான். 17-க்கு மீதி 11, 19-க்கு 12, 23-க்கும் 12, 29-க்கு 10. எதுவரை போக வேண்டும்? ஓர் எண் இரண்டு காரணிகளின் பெருக்கம் என்றால் அவற்றில் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது. 389 × 389 = 151321; 390 × 390 = 152100. ஆகவே 389 வரை பார்த்தால் போதும். அதுவரை 77 பகா எண்கள் இருக்கின்றன. ஒரு மாலைப்பொழுதில் காகிதமும் பென்சிலும் கொண்டு முடித்துவிடக்கூடிய வேலை இது.

வழியில் இரண்டு இடங்களில் நெஞ்சு படபடக்கும். 139-ஆல் வகுத்தால் மீதி வெறும் 2. இன்னும் மேலே போனால் 337 வருகிறது. 337 × 450 = 151650. ஒன்றே ஒன்றுதான் குறைகிறது! ஆனால் எண்ணியலில் மயிரிழையில் தப்புவது என்று ஒன்று கிடையாது. மீதி 1 ஆனாலும் 300 ஆனாலும் வகுபடாதது வகுபடாததுதான். கடைசியாக 389, மீதி 330. எழுபத்தேழும் தோற்றுப் போகின்றன. 151651 ஒரு பகா எண்.

ஆகவே 606604 = 2 × 2 × 151651.

இந்த ஒரு வரிதான் 606604-இன் ஜாதகம். இதன்படி அதற்கு ஆறே வகுத்திகள்: 1, 2, 4, 151651, 303302, 606604. நான்குக்குப் பிறகு ஒன்றரை லட்சம் வரை ஒரு வகுத்தியும் இல்லை. இத்தனை நெல்மணிகளைச் சமமான வரிசைகளாக அடுக்கச் சொன்னால் ஒரு வரிசை, இரண்டு வரிசை, நான்கு வரிசை என்று அடுக்கலாம். ஐந்து வரிசை, ஆறு வரிசை, நூறு வரிசை, ஆயிரம் வரிசை எதுவும் நடக்காது.

திருக்கோவிலூருக்கு வந்த இளைஞர்

திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர் இருக்கிறது. காட்பாடி–விழுப்புரம் ரயில்பாதையில் இரண்டு ஊர்களும் வரும். 1910-இல் கும்பகோணத்து இளைஞர் ஒருவர் நோட்டுப் புத்தகங்களோடு திருக்கோவிலூருக்கு வந்தார். அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி. ராமசாமி அய்யர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். இளைஞர் கேட்டது வருவாய்த் துறையில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுகளைப் புரட்டிய ராமசாமி அய்யர், இந்தத் திறமையை வருவாய்த் துறையின் கடைநிலை வேலையில் புதைக்கக் கூடாது என்று முடிவு செய்தார். வேலைக்குப் பதிலாகச் சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். அந்த இளைஞர் ஸ்ரீநிவாச ராமானுஜன். அன்று அவருக்கு அந்தக் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தால் இந்த அத்தியாயத்தில் இனி வரும் இரண்டு தேற்றங்கள் எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1915-இல், கேம்பிரிட்ஜில் இருந்தபடி ராமானுஜன் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதன் கேள்வி எளியது: தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் விட அதிக வகுத்திகள் கொண்ட எண்கள் எவை? 12-க்கு ஆறு வகுத்திகள். அதற்குக் கீழே எதற்கும் அவ்வளவு இல்லை. அடுத்து 24, 36, 48, 60 என்று வரிசை நீளும். இவற்றை மிகுபகு எண்கள் என்று சொல்லலாம். இந்தக் கட்டுரையின் பேரில்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி வழியில் பட்டம் அளித்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வில் தேற முடியாமல் போனவர் அவர்.

நம் வேங்கிக்கால் எண் அந்தப் பட்டியலின் இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் 554400. அதற்கு 216 வகுத்திகள். மறுபக்கம் 665280, அதற்கு 224 வகுத்திகள். நடுவில் 606604, அதற்கு ஆறு.

காரணம் உடைத்துப் பார்த்தாலே தெரியும். 665280-ஐ உடைத்தால் ஆறு 2, மூன்று 3, ஒரு 5, ஒரு 7, ஒரு 11. சின்னச் சின்னப் பகா எண்கள் இடைவெளி இல்லாமல் வருகின்றன. பெரிதாகப் பெரிதாக எண்ணிக்கை குறைகிறது. மிகுபகு எண் எதுவானாலும் இப்படித்தான் அமைந்தாக வேண்டும் என்று ராமானுஜன் நிறுவினார். 4, 36 என்ற இரண்டைத் தவிர மற்ற எல்லா மிகுபகு எண்களிலும் கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும் என்றும் காட்டினார். நம் எண்ணோ தன் பருமன் முழுவதையும் 151651 என்ற ஒரே பகா எண்ணில் வைத்திருக்கிறது. அதனால்தான் அதற்கு இத்தனை குறைவான வகுத்திகள்.

சராசரி வேறு, சாதாரணம் வேறு

ஆறு வகுத்திகள் என்பது குறைவா, வழக்கமான அளவா? ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும்.

சராசரியைக் கணக்கிடுவது எளிது. ஒன்றிலிருந்து 606604 வரையுள்ள எண்களில் எல்லாமே 1-ஆல் வகுபடும். பாதி 2-ஆல் வகுபடும். மூன்றில் ஒரு பங்கு 3-ஆல் வகுபடும். இப்படியே 1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டிக்கொண்டே போனால் ஓர் எண்ணுக்குச் சராசரியாக எத்தனை வகுத்திகள் என்பது தெரிந்துவிடும். அந்தக் கூட்டல் எண்ணின் இயல் மடக்கையை ஒட்டி வளரும். துல்லியமான சூத்திரத்தை ஜெர்மானியக் கணிதர் டிரிஷ்லே 1849-இல் தந்தார். அதன்படி 606604 வரை சராசரி ஏறத்தாழ பதிமூன்றரை. நம் எண்ணுக்கு ஆறுதான். அப்படியானால் இது சராசரிக்கும் கீழே கிடக்கும் ஓர் ஏழை எண் என்று தோன்றும்.

அந்த முடிவு தவறு. நூறு வீடுகள் உள்ள தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் கோடீஸ்வரர்கள் என்றால் தெருவின் சராசரி வருமானம் எகிறிவிடும். ஆனால் அந்தத் தெருவில் வழக்கமாக ஒருவர் என்ன சம்பாதிக்கிறார் என்பதை அந்தச் சராசரி சொல்லாது. எண்களிலும் இதே நிலைதான். 216, 224 என்று வகுத்திகளைக் குவித்து வைத்திருக்கும் மிகச் சில எண்கள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன.

அப்படியானால் வழக்கமான எண் எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியை 1917-இல் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். வகுத்திகளை விட்டுவிட்டு, ஓர் எண்ணில் எத்தனை வெவ்வேறு பகா எண்கள் ஒளிந்திருக்கின்றன என்று கேட்டார்கள். ஓர் எண் 2-ஆல் வகுபட இரண்டில் ஒரு வாய்ப்பு, 3-ஆல் வகுபட மூன்றில் ஒன்று, 5-ஆல் வகுபட ஐந்தில் ஒன்று. இந்த வாய்ப்புகளைக் கூட்டினால் 1/2 + 1/3 + 1/5 + 1/7 + 1/11 என்று போகும். இந்தக் கூட்டலுக்கு முடிவே இல்லை என்று ஆய்லர் 1737-இலேயே கண்டிருந்தார். ஆனால் அது வளரும் வேகம் ஆமை நடையையும் விடக் குறைவு: மடக்கைக்கு மீண்டும் மடக்கை எடுத்தால் வரும் அளவை ஒட்டித்தான் அது வளரும்.

ஹார்டியும் ராமானுஜனும் நிறுவியது இதுதான்: ஏறக்குறைய எல்லா எண்களுக்கும் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை அந்த இரட்டை மடக்கையை ஒட்டியே இருக்கும். விலகி ஓடும் எண்கள் உண்டு. ஆனால் எண்கள் பெரிதாகப் பெரிதாக அவற்றின் பங்கு சுருங்கிக்கொண்டே போகும்.

நம் எண்ணுக்குப் போட்டுப் பார்ப்போம். 606604-இன் இயல் மடக்கை 13.3, அதற்கு மீண்டும் மடக்கை எடுத்தால் 2.59. ஆகவே இந்த அளவுள்ள ஒரு சாதாரண எண்ணில் இரண்டோ மூன்றோ வெவ்வேறு பகா எண்கள் இருக்க வேண்டும். நம் எண்ணில் 2, 151651 என்று இரண்டு. திரும்ப வருவதையும் சேர்த்தால் 2, 2, 151651 என்று மூன்று. சரியாக நடுவில் நிற்கிறது.

இன்னொரு படி மேலே போகலாம். வெவ்வேறு பகாக் காரணி ஒவ்வொன்றும், ஒரு முறை மட்டுமே வந்தால், வகுத்திகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும். 2-இன் 2.59-ஆம் அடுக்கு எவ்வளவு? 6.02. 606604-இன் வகுத்திகள் ஆறு. இத்தனை கச்சிதமாகப் பொருந்தியது தற்செயல். தேற்றம் இவ்வளவு துல்லியத்தைத் தருவதில்லை, தோராயமான அளவைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த அளவு பதிமூன்றரைக்கு அருகில் இல்லாமல் ஆறுக்கு அருகில் இருப்பது தற்செயல் அல்ல. நம் எண் ஏழை எண் அல்ல, சாதாரண எண்.

நூறு பூஜ்யங்கள் கொண்ட எண்ணை எடுத்தாலும் இரட்டை மடக்கை 5.44-ஐத் தாண்டாது. கற்பனைக்கும் எட்டாத அந்தப் பெருந்தொலைவில் கூட ஒரு சாதாரண எண்ணில் ஐந்தாறு வெவ்வேறு பகா எண்கள்தான் இருக்கும். இதை முதன்முதலாக உணர்ந்து நிறுவியவர்களுக்கு எத்தனை வியப்பாக இருந்திருக்கும்! ஒவ்வொரு முழு எண்ணும் ராமானுஜனுக்கு நெருங்கிய நண்பன் என்று கேம்பிரிட்ஜ் கணிதர் லிட்டில்வுட் சொன்னதாகக் கதை வழங்குகிறது. பலரும் அதை 1729-க்காக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் பார்வையில் அந்த நட்பின் ஆழம் இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. 1915-இல் எண்களிலேயே பெரும் செல்வம் படைத்தவற்றை வரிசைப்படுத்தியவர், இரண்டே ஆண்டுகளில் எந்தச் சிறப்பும் இல்லாத எண் எப்படி இருக்கும் என்று கேட்டார்.

வர்க்கங்கள், கனங்கள்

இப்போது எண்ணைப் பெருக்கலால் உடைக்காமல் கூட்டலால் உடைத்துப் பார்ப்போம்.

606604-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? எந்த வர்க்கத்தையும் நான்கால் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும். இரட்டைப்படை என்றால் 0, ஒற்றைப்படை என்றால் 1. இரண்டைக் கூட்டினால் 0, 1, 2 வரலாம். 3 வரவே வராது. நம் எண் நான்கால் வகுபடுவதால் இரண்டு வர்க்கங்களும் இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். அப்படியானால் இரண்டின் மூலங்களையும் பாதியாக்கலாம். கூட்டல் 151651 ஆகிவிடும். ஆனால் 151651-ஐ நான்கால் வகுத்தால் மீதி 3. ஆகவே முடியாது. ஆயிரக்கணக்கான வாய்ப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்காமல் நான்கு வரிகளில் முடிந்துவிட்டது. பகா எண்களுக்கு இந்த விதியை ஃபெர்மா 1640-இல் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். ஆய்லர் பிறகு நிறுவினார்.

மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும். 774 × 774 = 599076; 78 × 78 = 6084; 38 × 38 = 1444. மூன்றையும் கூட்டினால் 606604.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியுமா? முடியும், ஒரே ஒரு விதத்தில். வித்தியாசம் என்பது கூட்டலும் கழித்தலும் சேர்ந்த ஒரு பெருக்கம். அந்த இரண்டு காரணிகளும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். நம் எண்ணில் அப்படிப்பட்ட ஜோடி 2 × 303302 மட்டும்தான். ஆகவே விடை: 151652-இன் வர்க்கத்திலிருந்து 151650-இன் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். இரண்டுமே 2,299 கோடிக்கு மேற்பட்ட எண்கள். அவற்றுக்கிடையே உள்ள தூரம் நம் பின்கோடு.

கனங்களுக்கு வரும்போது ஒரு பழக்கப்பட்ட செயல் புதிய பொருள் பெறுகிறது. எண் சோதிடம் பார்ப்பவர்கள் இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கிப் பலன் சொல்வார்கள். 6+0+6+6+0+4 = 22; 2+2 = 4. அந்த நான்கு ஓர் ஊரின் தலைவிதியைச் சொல்லாது; ஆனால் அது வெறும் எண்ணும் அல்ல. இலக்கங்களைக் கூட்டிக் கிடைப்பது ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி. எந்தக் கனத்தையும் ஒன்பதால் வகுத்தால் மீதி 0, 1, 8 என்ற மூன்றில் ஒன்றுதான் வரும். இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் மீதி 4 வராது, 5-உம் வராது. ஆகவே 606604-ஐ மூன்று கனங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. குறை எண்களை அனுமதித்தாலும், எத்தனை கோடி இலக்கங்கள் கொண்ட எண்களைத் தேடினாலும் முடியாது.

இந்த எளிய தடை இல்லாத எண்களின் நிலைமைதான் கடினம். 42-ஐ மூன்று கனங்களின் கூட்டலாக எழுத முடியுமா என்பதற்கு 2019-இல்தான் விடை கிடைத்தது. ஆண்ட்ரூ புக்கரும் ஆண்ட்ரூ சதர்லண்டும் உலகெங்கும் இருந்த தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு கண்டுபிடித்த அந்த மூன்று எண்களும் பதினேழு இலக்கங்கள் கொண்டவை. 42-க்கு அத்தனை பாடு. 606604-க்கு விரல்விட்டு எண்ணும் ஒரு கூட்டல் போதும்.

மூன்று போதாது என்றால் எத்தனை போதும்? உயர் அடுக்குகளில் இந்தக் கேள்வியைத் தீர்த்தவர்களில் ஒருவர் நம் மண்ணைச் சேர்ந்த எஸ்.எஸ். பிள்ளை. தென்காசிக்கு அருகில் வல்லத்தில் 1901-இல் பிறந்தவர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று 1940-இல் நிறுவினார். 73 ஏன் என்பதை 703 சொல்லும். மூன்றின் ஆறாம் அடுக்கு 729; அது 703-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே பத்து 64-களும் அறுபத்து மூன்று 1-களும் சேர்த்துத்தான் 703-ஐக் கட்ட வேண்டும். இதைவிட மோசமான எண் வேறில்லை என்பதுதான் பிள்ளையின் தேற்றம். நம் எண்ணைப் பெரியதிலிருந்து சிறியதாக எடுத்துக்கொண்டே வந்தால் ஓர் ஒன்பது, ஓர் ஆறு, ஓர் ஐந்து, மூன்று நான்குகள், ஒன்பது இரண்டுகள், பதினெட்டு ஒன்றுகள். இவற்றின் ஆறாம் அடுக்குகளைக் கூட்டினால் 606604, மொத்தம் 33. எல்லைக்குள் வசதியாக அடங்கிவிடுகிறது. 1950 ஆகஸ்ட் 31 அன்று, ஹார்வர்டில் நடக்கவிருந்த சர்வதேசக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் பிள்ளை இறந்தார். வயது 49. ராமானுஜனை அறிந்த தமிழர்களில் நூற்றில் ஒருவருக்காவது இவர் பெயர் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

பக்கத்து எண்ணின் பூட்டு

மூன்று எண்கள் தள்ளி இருக்கும் திருவண்ணாமலைத் தலைமை அஞ்சலகத்தின் 606601-ஐ உடைத்தால் வேறொரு குணம் தெரிகிறது. 606601 = 43 × 14107. இரண்டுமே பகா எண்கள். இப்படி இரண்டு பகா எண்களின் பெருக்கமாக அமையும் எண்களை நம்பித்தான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடல்மன் மூவரும் ஆர்எஸ்ஏ என்ற மறைமுறையை அமைத்தார்கள். 43-ஐயும் 14107-ஐயும் பெருக்குவது ஒரு நிமிட வேலை. 606601-ஐ மட்டும் கொடுத்து உடைக்கச் சொன்னால் 2, 3, 5 என்று தொடங்கிப் பதினான்காவது முயற்சியில் 43-ஐப் பிடிக்கலாம். ஆனால் இரண்டு காரணிகளும் முந்நூறு இலக்கப் பகா எண்கள் என்றால்? இணையத்தில் புழங்கும் ஆர்எஸ்ஏ எண்கள் வழக்கமாக 617 இலக்கங்கள் கொண்டவை. 250 இலக்கங்கள் கொண்ட ஒன்றை உடைத்தது 2020-இல்தான். அதற்கே மிகப் பெரிய கணினி உழைப்பு தேவைப்பட்டது.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று கண்டுபிடிப்பது எளிது. பகா எண் இல்லையென்றால் அதன் காரணிகள் எவை என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். முதல் பாதியை 2002-இல் உறுதியாக நிறுவியவர்கள் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பின்னிருவரும் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தார்கள். 151651-க்காக நாம் 77 வகுத்தல்கள் செய்தோம். இலக்கங்கள் கூடக்கூட அந்த முறை கட்டுக்கடங்காமல் போகும். அவர்களுடைய முறை அப்படிப் போகாது. இரண்டாவது பாதிக்கு, அதாவது காரணிகளைக் கண்டுபிடிக்க, இன்றைய சாதாரணக் கணினிகளில் ஓடக்கூடிய விரைவான வழி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. அப்படி ஒரு வழி கிடையாது என்று யாரும் நிறுவவும் இல்லை.

வகுப்பறையில் செய்து பாருங்கள்

ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்கள் இருந்தால் வீட்டுக் கைபேசி எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களை ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளட்டும். அவற்றைப் பகாக் காரணிகளாக உடைக்கட்டும். ஆயிரத்துக்குள் உள்ள பகா எண்கள் 168. அதற்கு மேல் ஒருவரும் போக வேண்டியதில்லை. எத்தனை வெவ்வேறு பகா எண்கள் வந்தன என்று கரும்பலகையில் வரிசையாகக் குறியுங்கள். இரண்டும் மூன்றும்தான் அதிகம் வரும். ஐந்து அரிதாக வரலாம். ஏழு வேண்டுமானால் எண் குறைந்தது 510510 ஆக இருக்க வேண்டும். எட்டு வரவே வராது, ஏனென்றால் அதற்கு வேண்டிய மிகச் சிறிய எண் 9699690, அதற்கு ஏழு இலக்கங்கள். அடுத்து ஒவ்வொருவரும் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதின் மீதியைப் பார்க்கட்டும். ஏறத்தாழ ஒன்பதில் இரண்டு பேருக்கு 4 அல்லது 5 வரும். அந்த எண்களை மூன்று கனங்களாக எழுத முடியாது.

அந்தக் கரும்பலகையில் உருவாகும் குவியல்தான் 1917-ஆம் ஆண்டுத் தேற்றத்தின் படம். அதை 1940-இல் எர்டோஷ், காக் என்ற இரு கணிதர்கள் இன்னும் துல்லியமாக்கினார்கள். எண்கள் போதுமான அளவு பெரிதானால் அந்தக் குவியல் மணி வடிவ வளைவாக மாறும் என்று அவர்கள் நிறுவினார்கள். மனிதர்களின் உயரத்தை அளந்தால் கிடைக்கும் அதே வளைவு. எண்களில் எதுவும் குலுக்கல் முறையில் தீர்மானமாவதில்லை. 606604 என்றைக்கும் 2 × 2 × 151651 தான். இருந்தும் எண்களைக் கூட்டமாகப் பார்க்கும்போது அவை குலுக்கிப் போட்டதுபோலவே நடந்துகொள்கின்றன. இது எப்படி நடக்கிறது, பகா எண்கள் எண் வரிசையில் எந்த ஒழுங்கில் பரவியிருக்கின்றன என்பதுதான் அடுத்த அத்தியாயத்தின் கேள்வி.